நான்கு தந்திகளும் சேர்ந்து இறங்கிய பேஸ் கிட்டார்: ஒரு கழுத்துப் பழுதின் நிகழ்வு ஆய்வு

அந்த பேஸ் கிட்டார் என் மேசைக்கு வந்தபோது அதன் கழுத்து உடைந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சுருதி நிற்கவில்லை என்பதுதான் புகார். வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. விற்றவர், "கழுத்து கொஞ்சம் வளைந்திருக்கிறது, ஆலன் சாவியால் திருகினால் சரியாகிவிடும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் திருகியும் பார்த்திருக்கிறார். ஒன்றும் மாறவில்லை. ட்யூனர்கள், அதாவது தலையில் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணிகள், தேய்ந்துவிட்டன என்று முடிவுகட்டி, புதிய ட்யூனர்களை வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

நான் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எந்தத் தந்தி இறங்குகிறது?"

"நான்கும்தான். ஒரு பாட்டு முடிவதற்குள் நான்கும் ஒரே அளவு இறங்கிவிடுகின்றன."

அந்தப் பதிலிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. ட்யூனரின் பல்சக்கரம் தேய்ந்தால் அந்த ஒரு தந்தி இறங்கும். நட்டின், அதாவது தலைக்கும் கழுத்துக்கும் இடையில் தந்திகள் படிந்து செல்லும் சிறு கட்டையின், பள்ளத்தில் தந்தி சிக்கினாலும் அந்த ஒரு தந்திதான் தகராறு செய்யும். நான்கும் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் இறங்குகின்றன என்றால், தந்திகள் கட்டப்பட்டிருக்கும் இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் குறைந்துகொண்டிருக்கிறது. அதாவது மரம் நகர்கிறது. புதிய ட்யூனர்களை உறையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்தப் பழுதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. இதில் இரண்டு சேதங்கள் இருந்தன. ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது, மற்றொன்று மறைந்திருந்தது. மறைந்திருந்த சேதம்தான் முதலில் நேர்ந்தது. தெரிந்தது அதன் விளைவு. அந்த வரிசையைப் புரிந்துகொள்ளாமல் ஒட்டியிருந்தால், ஆறு மாதத்தில் அதே இடம் மறுபடி பிளந்திருக்கும். எனக்கு முன்னால் ஒருவர் ஒட்டிய இடம் அப்படித்தான் பிளந்திருந்தது.

கருவி

34 அங்குல ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை சுமார் 864 மில்லிமீட்டர். நான்கு தந்தி. கழுத்து ஒரே துண்டு மகோகனி, மேலே ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு, அதாவது ஃப்ரெட் எனும் உலோகக் கம்பிகள் குறுக்கே பதித்த, விரல் அழுத்தும் பலகை. கழுத்து உடலோடு பசையால் ஒட்டப்பட்டது. திருகு கழற்றிப் பிரிக்கிற வகை இல்லை. தலைப்பகுதி பின்னோக்கிச் சுமார் 14 பாகை சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வையும் அந்த ஒரே துண்டு மரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1951இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் தலை சாயாமல் கழுத்தோடு ஏறக்குறைய ஒரே தளத்தில் இருந்தது. கழுத்தும் திருகுகளால் உடலோடு பொருத்தப்பட்டது. உடைந்தால் கழற்றி வேறொன்று மாட்டலாம் என்ற தொழிற்சாலைச் சிந்தனை அது. சாய்ந்த தலை அதைவிடப் பழைய மரபு. லூட் எனும் பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம், வயலின் ஆகியவற்றின் காலத்திலிருந்து வருவது. சாய்வு இருந்தால் தந்தி நட்டின்மேல் நன்றாக அழுந்தி உட்காரும். ஆனால் ஒரே பலகையிலிருந்து சாய்ந்த தலையை வெட்டி எடுக்கும்போது, மரத்தின் இழை நேராக ஓட, தலை மட்டும் வளைந்து கீழே போகிறது. கழுத்தில் முழுநீளம் ஓடும் இழைகள், நட்டுக்குப் பின்னால் சில சென்டிமீட்டரிலேயே வெளிப்புறத்தில் வெட்டுப்பட்டு முடிந்துவிடுகின்றன. இழையின் குறுக்கே மரத்தை முறிப்பது கடினம். இழையோடு பிளப்பது எளிது. விறகு பிளந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாய்ந்த தலையில் இழை பிளக்கத் தோதான கோணத்தில் அமைந்துவிடுகிறது. போதாததற்கு, கழுத்தின் வளைவைச் சீராக்க உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பியின் மரையைத் திருகுவதற்காக அதே இடத்தில் ஒரு குழியும் தோண்டப்படுகிறது. நட்டருகே கழுத்தின் கனம் 21 மில்லிமீட்டர் இருந்தது; குழி 10 மில்லிமீட்டர். மிச்சமிருந்த மரத்தை நம்பித்தான் முழு இழுவிசையும்.

அந்த இழுவிசை எவ்வளவு? இந்த நீளத்தில், வழக்கமான கனத் தந்திகளை வழக்கமான சுருதியில் கட்டினால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 முதல் 23 கிலோ வரை இழுக்கும். நான்கும் சேர்ந்து 75 கிலோவைத் தாண்டும். ஒரு முழு மனிதர் இரவும் பகலும் அந்தத் தலையைப் பிடித்துத் தொங்குவதுபோல.

தொடுமுன் அளந்தவை

தந்திகளைச் சுருதிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் விட்டேன். நான்கும் 15 முதல் 20 சென்ட் வரை இறங்கியிருந்தன. அரைச் சுருதியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். 20 சென்ட் என்றால் பழகிய காதுக்கு உறுத்தும்.

அடுத்து கழுத்தின் குழிவு. தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தினால் அந்தத் தந்தியே நேர்கோட்டு அளவுகோலாகிவிடும். நடுவில், 8ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஃபீலர் கேஜ், அதாவது கனம் குறித்த மெல்லிய தகடுகள், வைத்துப் பார்த்தால் குழிவு கிடைக்கும். பேஸுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. தடித்த தந்தி அகலமாக அதிர்வதால் அந்தச் சிறு குழிவு தேவைப்படுகிறது. இங்கே இருந்தது 1.1 மில்லிமீட்டர்.

12ஆம் ஃப்ரெட்டில் தந்தி உயரம் தடித்த ஈ தந்தியில் 4.2, மெல்லிய ஜி தந்தியில் 3.6. பிரிட்ஜில் தந்தியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சேடில்கள் நன்றாக உயர்த்தப்பட்டிருந்தன. கழுத்து வில்போல வளைந்தால் உடலை ஒட்டிய மேல் ஃப்ரெட்கள் மேடாகி, அங்கே தந்தி உரசி இரையும். அதைத் தவிர்க்க யாரோ சேடில்களை ஏற்றியிருக்கிறார். இரைச்சல் போயிருக்கும், வாசிக்கிறவரின் விரல்களும் கூடவே போயிருக்கும்.

பிறகு கழுத்தின் பின்புறம். கறுப்புப் பூச்சின்மேல் நட்டுக்குப் பின்னால் தலைமுடி அளவு ஒரு கோடு. பூச்சில் மட்டும் விழுந்த கோடா, மரத்திலும் விழுந்ததா? விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். கோட்டின் இருபுறமும் பளபளப்பு வேறு மாதிரி இருந்தது. அந்த இடத்தை மட்டும் யாரோ மறுபடி பூசியிருந்தார். தந்திகளைத் தளர்த்தினால் 0.05 மில்லிமீட்டர் தகடுகூடக் கோட்டுக்குள் நுழையவில்லை. சுருதிக்கு ஏற்றியதும், ஈ தந்தியின் பக்கத்தில் 0.10 தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஜி தந்தியின் பக்கத்தில் போகவில்லை.

பழைய கருவி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தந்திகள் தலையை முன்னோக்கி இழுக்கின்றன. அதனால் பின்புறம் விரியும். தளர்ந்த தந்திகளோடு ஒரு கருவியைக் காட்டினால், பின்புற விரிசல் உதடு மூடி ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். சுருதிக்கு ஏற்றி, அரை மணி நேரம் பொறுத்து, பின்புறத்தை விளக்கில் பார்க்காமல் சாய்ந்த தலையுள்ள எந்தக் கருவிக்கும் பணம் கொடுக்கக் கூடாது.

ராடைத் திருகியபோது தெரிந்தது

விரிசல் கிடைத்துவிட்டது. ஒட்டினால் வேலை முடிந்தது என்று இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு கணக்கு இடித்தது. விரிசல் இருந்த இடம் நட்டுக்குப் பின்னால். குழிவு அளந்த இடம் நட்டுக்கு முன்னால். நட்டுக்குப் பின்னால் தலை எவ்வளவு சாய்ந்தாலும் சுருதி இறங்கும், ஆனால் அதற்காக ஃப்ரெட்போர்டு வளைந்தாக வேண்டியதில்லை. 1.1 மில்லிமீட்டர் குழிவு எங்கிருந்து வந்தது?

கழுத்தின் உள்ளே நீளவாக்கில் ஓடும் எஃகுக் கம்பிதான் ட்ரஸ் ராட். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் பணியாற்றிய தேடியஸ் மெக்ஹ்யூ இதற்கு 1923இல் காப்புரிமை பெற்றார். தந்திகள் கழுத்தை முன்னோக்கி வளைக்க, ராட் எதிர்ப்புறம் வளைக்கும். இந்தக் கருவியில் இருந்தது பழைய ஒற்றைக் கம்பி வகை. கம்பியின் ஒரு முனை உடல் பக்கத்தில் மரத்துக்குள் பிடிப்புடன் இருக்கும். மறுமுனை நட்டுக்குப் பின்னாலுள்ள குழியில் திருகாக வெளிவரும்; அதன்மேல் மரை ஏறும். மரைக்குக் கீழே அரைவட்ட வாஷர். மரையைத் திருகினால் வாஷர் மரத்தை அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் கம்பி இறுகும்.

தந்திகள் சுருதியில் இருக்க, மரையை எட்டில் ஒரு சுற்று மட்டும் திருகினேன். குழிவு 1.1இலேயே நின்றது. கழுத்தைத் திருப்பினேன். 0.10 இருந்த விரிசல் 0.15 ஆகியிருந்தது.

உடனே மரையைத் தளர்த்தி, தந்திகளையும் தளர்த்தினேன். அதன் பிறகு பழுது முடியும்வரை அந்தக் கழுத்தில் இழுவிசை ஏற்றவே இல்லை.

மரையைக் கழற்றியபோது எல்லாம் விளங்கிவிட்டது. வாஷர் தன் இருக்கையிலிருந்து 3 மில்லிமீட்டர் மரத்துக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் மரம் தூளாக நசுங்கியிருந்தது. மரையோ கம்பியின் திருகுப்பகுதி முடியும்வரை போய்விட்டது; அதற்குமேல் திருகினாலும் அது மரத்தைத்தான் தள்ளும். மெல்லிய அரைவட்ட வாஷரின் விளிம்பு இழையோடு உளிபோல இறங்கி, மரத்தைப் பிளக்கத் தொடங்கியிருந்தது. பின்புறத்தில் நான் பார்த்த விரிசலின் அடி அந்த வாஷரின் மூலையில் இருந்தது.

வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும். முதலில் கழுத்து சற்றே வளைந்தது. எல்லாக் கழுத்தும் வளையும். யாரோ ராடைத் திருகினார். திருகு இறுகியபோது நிறுத்தாமல், கழுத்தைக் கையால் பின்னோக்கித் தாங்காமல், முழு வளைவையும் அந்தத் திருகே நிமிர்த்தட்டும் என்று விட்டார். வாஷர் மரத்துக்குள் இறங்கியது. இறங்கியதால் ராடின் பிடிப்பு போனது. பிடிப்பு போனதால் கழுத்து இன்னும் வளைந்தது. வளைந்ததால் இன்னும் திருகினார். ஒரு கட்டத்தில் மரம் பிளந்தது. விரிசலுக்கு உடனடிப் பசையை (சூப்பர் க்ளூ) விட்டு, மேலே கறுப்புப் பூச்சைத் தடவி, விற்றுவிட்டார். அதை வாங்கியவரும் விற்றவர் சொன்னபடியே ஆலன் சாவியை எடுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். கழுத்து வளைந்தால் ராடைத் திருகு என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். திருகியும் குழிவு குறையாவிட்டால் அங்கேயே நிறுத்து என்று சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு.

ராடும் விரிசலும் இரண்டு நோய்கள் அல்ல என்பது தெளிவானதும், வேலையின் திட்டம் மாறிவிட்டது.

என்ன செய்வது என்ற யோசனை

ஒரு வாரம் தந்தி, ராட் இரண்டின் விசையும் இல்லாமல் கழுத்தை ஓய்வில் விட்டேன். பிறகு எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தால் முன்னோக்கிய வளைவு 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. இது மிக நல்ல செய்தி. மரம் நிரந்தரமாக வில்லாகிவிடவில்லை. ராட் பிடித்தால் கழுத்து நிமிரும். இந்த அளவு 1 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் ஃப்ரெட்போர்டைப் பிரிப்பது வரை யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

கழுத்தையே மாற்றலாமா என்று உரிமையாளர் கேட்டார். பசையால் ஒட்டிய கழுத்து. நீராவி விட்டு மூட்டைக் கழற்றி, அதே அளவில் புதிய கழுத்து செய்து பொருத்த வேண்டும். முடியாத காரியம் இல்லை, ஆனால் இந்தக் கழுத்தில் முக்கால் பங்கு மரம் நலமாக இருந்தது. உடைந்த இடத்தில் இரண்டு மரத்திருகுகளை இறக்குவது சிலருடைய வழக்கம். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். திருகு இறங்கும் துளை மிச்சமிருக்கும் மரத்தையும் தின்னும். திருகின் கூர்முனையிலிருந்து அடுத்த விரிசல் புறப்படும். பின்னால் பழுது பார்க்க வருகிறவரின் உளி அந்த உலோகத்தில் மோதும்.

மிச்சமிருந்தவை இரண்டு வழிகள்: வெறும் பசை, அல்லது பசையும் குறுக்கே பதிக்கும் சட்டங்களும். விரிசல் புதிதாகவும் சுத்தமாகவும் இருந்தால் வெறும் பசையே போதும். நீளிழையோடு பிளந்த இரு முகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தினால், நல்ல மரப்பசை மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கும். ஆனால் இங்கே முன்னவர் விட்ட பசை உள்ளே இருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை வைத்துப் பார்த்தேன், இளகவில்லை. விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப்பசையாக இருந்திருந்தால் இளகி வழிந்திருக்கும். வெள்ளைப் பசை ரப்பர்போல ஆகியிருக்கும். அசிட்டோன் தொட்ட பஞ்சுக்கு மட்டும் மெல்ல மசிந்தது. ஆக, உடனடிப் பசை. அது இழைகளுக்குள் ஊறிக் கண்ணாடிபோல அடைத்துவிட்டால், தண்ணீர் கலந்த மரப்பசைக்குப் பிடிக்க இடமே இருக்காது.

சுத்தம் செய்ததும் ஒட்டியதும்

தலையை முழுவதுமாக ஒடித்து எடுத்துவிட்டு இரு முகங்களையும் சுத்தம் செய்யலாம் என்பது ஒரு சாராரின் கருத்து. அதில் நியாயம் உண்டு. கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்யலாம். நான் ஒடிக்கவில்லை. ஜி தந்தியின் பக்கத்தில் இழைகள் அறுபடாமல் இருந்தன. அவைதான் தலை தன் பழைய இடத்துக்குத் திரும்புவதற்கான வழிகாட்டி. அவற்றை அறுத்தால் கோணத்தை நான் ஊகிக்க வேண்டியிருக்கும்.

விரிசலுக்குள் மெல்லிய மர ஆப்பு ஒன்றைச் செருகி, அரை மில்லிமீட்டர் திறந்து வைத்தேன். சுற்றியிருந்த பூச்சை நாடா ஒட்டி மறைத்தேன். அசிட்டோன் பூச்சையும் கரைக்கும். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு, அசிட்டோனில் நனைத்த மெல்லிய பருத்தி நாடாவை விரிசலுக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்தேன். உப்புத்தாளை உள்ளே விடவில்லை. தேய்த்தால் இழைகளின் நுனி போய்விடும். பிறகு இரு முகங்களும் ஒன்றுக்கொன்று பல்லோடு பல் பொருந்தாது. மூன்று நாள், நாளுக்கு நான்கைந்து முறை. நாடா சுத்தமாக வரத் தொடங்கியது. ஆனால் விரிசலின் மிக ஆழத்தில், வாஷரின் மூலைக்கு அருகில், பளபளப்பு இன்னும் தெரிந்தது. அங்கே நாடா எட்டவில்லை. சட்டங்கள் தேவை என்று முடிவு செய்தது அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான்.

விரிசலுக்கு மெதுவாக இறுகும் எபாக்ஸியைத் தேர்ந்தேன். எனக்கு மிகவும் பிடித்தது வச்சிரப்பசை. சூடாக்கினால் பிரியும், பழைய வச்சிரப்பசையின் மேலேயே மறுபடி பிடிக்கும், பின்னால் வருகிற கைக்கு வழிவிடும். ஆனால் அது சுத்தமான மரத்தைக் கேட்கும். குறுகிய விரிசலுக்குள் போவதற்குள் குளிர்ந்து உறையும். எபாக்ஸி சிறு இடைவெளியை நிரப்பும், முழுச் சுத்தமில்லாத முகத்தையும் ஓரளவு பிடிக்கும். அடுத்த முறை இதே இடம் உடைந்தால் பிரிப்பது கடினம் என்பதை உரிமையாளரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகே குழைத்தேன்.

அதற்குமுன் ஒத்திகை. பசை இல்லாமல், கிளாம்புகளை மட்டும் மாட்டிப் பார்ப்பது. விரிசல் சாய்வாக இருந்ததால், மேலும் கீழும் அழுத்தியதும் தலை விரிசலின் சரிவில் வழுக்கி அரை மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தது. ஈரப் பசையோடு இருந்திருந்தால் இன்னும் வழுக்கியிருக்கும். தலையின் நுனியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, நீளவாக்கில் லேசாகத் தள்ளும்படி ஒரு கிளாம்பைச் சேர்த்தேன். பின்புறத்துக்கு, கழுத்தின் வளைவுக்கேற்பக் குடைந்து தக்கை ஒட்டிய கட்டை. முன்புறத்துக்குத் தட்டையான பலகை. இரண்டாவது ஒத்திகையிலும் சற்றே நகர்ந்தது. மூன்றாவதில் படி தெரியவில்லை. விரல் நகத்தை ஓட்டினால் தட்டவில்லை.

கம்பியின் திருகுகளில் மெழுகைத் தேய்த்தேன். கழுத்தை முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடாக்கினேன். சூடான மரத்தில் எபாக்ஸி நீர்த்து, தானே விரிசலுக்குள் இழுபடும். சிரிஞ்சால் விட்டு, தலையை மிக லேசாக அசைத்து, உள்ளே போகவிட்டு, மறுபடி விட்டேன். எதிர்ப்புறம் குழிக்குள் ஒரு துளி எட்டிப் பார்த்தபோது முழு ஆழமும் நனைந்துவிட்டது என்று தெரிந்தது. மெழுகுத்தாளை இடையில் வைத்துக் கிளாம்பு போட்டேன். எபாக்ஸியை மிக இறுக்கக் கூடாது. பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி மூட்டு வறண்டுவிடும். முகங்கள் சேரும் அளவு போதும்.

இங்கே ஒரு தவறு நேர்ந்தது. குழிக்குள் வந்த துளியைத் துடைத்தேன், ஆனால் கம்பியின் அடிப்புறம் சற்று வழிந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இறுகத் தொடங்கியிருந்த பசையை மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். மெழுகு இருந்ததால் திருகுகள் தப்பின. மெழுகைத் தேய்க்க ஆகும் ஒரு நிமிடத்தைத் தவிர்த்திருந்தால், ராட் நிரந்தரமாக ஒட்டியிருக்கும். கிளாம்புகளை 24 மணி நேரம் கழித்துக் கழற்றினேன். அடுத்த வேலையைத் தொட ஒரு வாரம் பொறுத்தேன்.

ராடின் இருக்கை

நசுங்கிய மரத்தைச் சிறிய உளியால் சதுரமாக வெட்டி எடுத்தேன், நல்ல மரம் வரும்வரை. அந்த இடத்துக்கு கடினமான மேப்பிள் துண்டு. அதை எந்த வாக்கில் வைப்பது என்பதில்தான் இந்த வேலையின் சாரம். மரம் இழையின் நீளவாக்கில் அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும். குறுக்குவாக்கில் அழுத்தினால் எளிதில் நசுங்கும். ஆகவே இழை கழுத்தோடு நீளமாக ஓடும்படி, வெட்டுமுகம் வாஷரைப் பார்க்கும்படி பொருத்தினேன். வாஷரின் விசை அப்போது நேராக இழைகளின் நுனியில் விழும். மெல்லிய அரைவட்ட வாஷருக்குப் பதில், கனமான, விளிம்பு மழுக்கிய புதிய வாஷர். மேப்பிள் துண்டு வாஷரை அதன் பழைய இடத்துக்கு, 3 மில்லிமீட்டர் பின்னுக்குக் கொண்டுவந்ததால், தீர்ந்துபோயிருந்த திருகு நீளமும் தானே திரும்பக் கிடைத்தது.

சட்டங்கள்

கழுத்தின் பின்புறத்திலிருந்து, ராடின் குழிக்கு இருபுறமும், விரிசலைக் குறுக்கே தாண்டிச் செல்லும்படி இரண்டு பள்ளங்கள். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் அகலம், 110 மில்லிமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 7 மில்லிமீட்டர். மரத்தில் பள்ளம் வெட்டும் மின்கருவியான ரூட்டரைக் கையால் மட்டும் பிடித்து இதைச் செய்யக் கூடாது. வழிச்சட்டம் கட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறக்காமல் வெட்டினேன். பள்ளத்தின் இரு முனைகளும் செங்குத்தாக முடியாமல், படகின் அடிபோல மெல்ல மேலேறி முடிய வேண்டும். செங்குத்தான முனையில் விசை குவியும். அங்கே புதிய விரிசல் பிறக்கும்.

அந்தப் பள்ளங்களுக்குள் மேப்பிள் சட்டங்கள், நீளிழையோடு. இது புதிதாக வெட்டிய சுத்தமான மரம் என்பதால் எபாக்ஸி வேண்டியதில்லை. சாதாரண மஞ்சள் மரப்பசைதான். சட்டம் பள்ளத்துக்குள் கையழுத்தத்தில் இறங்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் அது ஆப்பு, சட்டம் அல்ல. மறுநாள் இழைப்புளியாலும் அரத்தாலும் கழுத்தின் வளைவோடு சமப்படுத்தினேன்.

பூச்சு வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கறுப்புப் பூச்சால் மறுபடி மூடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், தெரியட்டும். நாளை இதை வாங்குகிறவர் பார்க்க வேண்டும்" என்றார் உரிமையாளர். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. பின்புறத்தில் மட்டும் நிறமில்லாத மெல்லிய பூச்சு. மகோகனியின் சிவப்பில் இரண்டு வெளிர் மேப்பிள் கோடுகள்.

மறுபடி இழுவிசை

முதலில் எல்லாத் தந்திகளையும் ஒரு முழுச் சுருதி தாழ்த்திக் கட்டினேன். சுருதி ஒரு முழுப்படி இறங்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். அந்த நிலையில் மூன்று நாள். நான்காம் நாள் வழக்கமான சுருதி. விரிசல் இருந்த இடத்தில் 0.05 தகடு நுழையவில்லை. ராட் தளர்ந்திருக்கக் குழிவு 0.9 காட்டியது.

இப்போது ராட். திருகு கழுத்தை வளைக்கும் கருவி என்று நினைப்பதே இத்தனை சேதத்துக்கும் மூலம். கழுத்தை நான் வளைக்க வேண்டும்; வளைத்த இடத்தில் திருகு பிடித்து நிறுத்த வேண்டும். தந்திகளைத் தளர்த்தி, கழுத்தைத் தக்கை வைத்த பலகையோடு கிளாம்பு போட்டு, சற்றே பின்வளைவு வரும்வரை மெல்ல இழுத்தேன். அந்த நிலையில் மரை விரலிலேயே சுழன்றது. அரைச் சுற்று திருகி, கிளாம்பைக் கழற்றி, சுருதி ஏற்றினேன்: 0.5. இன்னொரு முறை, கால் சுற்று: 0.35. வாஷரைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேப்பிளில் பதிந்த தடமே இல்லை.

14, 15ஆம் ஃப்ரெட்கள் சற்று மேடாக இருந்தன. நீண்ட அரத்தால் சமப்படுத்தி, அந்த ஃப்ரெட்களின் மேல்விளிம்பை மறுபடி உருண்டையாக்கினேன். சேடில்களை இறக்க முடிந்தது. 12ஆம் ஃப்ரெட்டில் ஈ 2.4, ஜி 2.0. ஒரு மணி நேரத்தில் சுருதி இறங்கிய அளவு 2 சென்ட். அது புதிய தந்தி நீளும் கணக்கு, மறுநாள் அதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் பதிவு செய்ய வேண்டும். பல பேஸ்களில் ஜி தந்தியின் 5ஆம் ஃப்ரெட் முதல் 7ஆம் ஃப்ரெட் வரை எங்கோ ஒரு சுரம் சட்டென்று சாகும். கழுத்தின் சொந்த அதிர்வு அந்தச் சுரத்தின் ஆற்றலை விழுங்குவதால் வருவது. இந்தக் கருவியில் பழுதுக்கு முன் 6ஆம் ஃப்ரெட்டில் அது தெளிவாக இருந்தது. பழுதுக்குப் பின் 7ஆம் ஃப்ரெட்டுக்கு நகர்ந்திருந்தது. கழுத்து விறைப்பானதால் அதன் அதிர்வெண் உயர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

பின்தொடர்ந்து பார்த்தவை

ஒரு மாதம் கழித்து குழிவு 0.38. காற்று வறண்டிருந்த மாதத்தில் 0.28, மரம் ஈரம் இழந்தால் கழுத்து சற்றுப் பின்னோக்கி நிமிரும், அது இயல்பு. ஈரம் திரும்பியதும் 0.36. அந்த ஓராண்டில் மரையை யாரும் தொடவில்லை.

ஓராண்டு முடிந்து வந்தபோது, தலையின் ஓரத்தில், ஈ தந்தியின் பக்கம், பழைய கறுப்புப் பூச்சில் 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. உரிமையாளர் முகம் வாடிவிட்டது. சுருதியில் வைத்துத் தகட்டை விட்டேன், நுழையவில்லை. தந்திகளைத் தளர்த்தி மறுபடி ஏற்றினேன்; கோடு விரியவும் இல்லை, மூடவும் இல்லை. பூச்சு மட்டும் வெடித்திருக்கிறது, அடியில் மரம் அசையவில்லை. கோட்டின் இரு முனைகளிலும் கூர்மையான பென்சிலால் இரண்டு புள்ளிகள் வைத்து, தேதியை ஒரு சீட்டில் எழுதி ராடின் மூடிக்குள் வைத்தேன். ஐந்து மாதம் கழித்துத் தந்தி மாற்ற வந்தபோது, கோடு அந்த இரண்டு புள்ளிகளுக்குள்ளேயே இருந்தது.